கைப்பிடி மெஷினும் என் வலது தோளும்

கல்யாணமாகிப் பதினேழு வருடங்களில் எனக்கென்று நான் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. காலையில் நான் எழுந்து உட்காரும்போது யாராவது ஒரு டம்ளர் காபியை என் கையில் கொடுக்க வேண்டும். காபி சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, நான் போட்டதாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அப்போது பெருங்களத்தூரில் ஒரு புது அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் இருந்தோம். நான் ஏழு ஐம்பது ரயிலைப் பிடித்துக் கிண்டிக்கு அலுவலகம் போக வேண்டும். கணவர் மறைமலை நகர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நாள் முழுக்க இயந்திரங்களோடு மல்லுக்கட்டுகிற மனிதருக்கு, எங்கள் வீட்டுக் காபி ஃபில்டரில் பொடியை மேலே போடுவதா கீழே போடுவதா என்று தெரியாது. தெரிந்துகொண்டால் போடச் சொல்லிவிடுவேன் என்கிற முன்ஜாக்கிரதைதான் அது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

காலை நேரத்தில் மின்வெட்டு வைத்து உயிரை வாங்கிக்கொண்டிருந்த வருடம் அது. துபாயிலிருந்து வந்த அவருடைய தம்பி ஒரு கனத்த அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே கையால் அழுத்துகிற எஸ்பிரஸோ மெஷின். வலது பக்கம் முழங்கை நீளத்துக்கு ஒரு இரும்புக் கைப்பிடி. மேலே வெந்நீரை ஊற்ற வேண்டும், கீழே பொடியை இறுக்கி வைக்க வேண்டும், கைப்பிடியை அழுத்தினால் காபி இறங்கும். பால் மட்டும் தனியாகக் காய்ச்சிக்கொள்ள வேண்டும்.

“கரண்டே வேணாம், தெரியுமா? கரண்ட் போனாலும் நம்ம வீட்ல காபி உண்டு” என்றார் கணவர். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

பதினேழு வருடமாக நான் போடுகிற ஃபில்டருக்கும் கரண்ட் வேண்டாம். இதை நான் சொல்லவில்லை. சமையல் என்றால் எட்டிப் பார்க்காதவர்கள் மெஷின் என்றால் ஓடி வருவார்கள் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. “ரொம்ப நல்லா இருக்கே” என்று சொல்லி, மேடையில் மிக்சியை ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தேன்.

முதல் நாள் வீட்டில் இருந்த பொடியையே போட்டார். எல்லார் வீட்டையும் போல எங்கள் வீட்டிலும் சிக்கரி கலந்த பொடிதான். வெந்நீர் பட்டதும் சிக்கரி ஊறிப் பசையாகிவிட்டது. கைப்பிடி அசையவில்லை. விடுவாரா மனிதர்? முழு உடம்பையும் சாய்த்து அழுத்தினார். ஓரமாகப் பீய்ச்சி அடித்தது, சுவரிலும் காலண்டரிலும் அவருடைய வெள்ளை பனியனிலும். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் சிரித்த சிரிப்பில் எனக்கும் அடக்க முடியவில்லை.

அன்று மாலையே தாம்பரம் காபிப் பொடிக் கடைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். சிக்கரியே வேண்டாம், மாவு மாதிரி அரைத்துக் கொடுங்கள் என்று கேட்டதும் கடைக்காரர் என்னைப் பார்த்தார். “நைஸா அரைச்சா டிகாக்‌ஷன் இறங்காதும்மா. அப்புறம் வந்து என்னைத் திட்டக் கூடாது.” கணவர் அவருக்கு அழுத்தத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பாடம் எடுத்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

அதற்கப்புறம் மூன்று வாரம் நான் ராணி. ஆறு மணிக்கு அடுக்களையில் அவர் உருட்டுகிற சத்தம் கேட்கும். நான் கண்ணைத் திறக்காமல் படுத்திருப்பேன். பிறகு டம்ளர் என் கைக்கு வரும். உண்மையைச் சொல்ல வேண்டும், காபி பிரமாதமாக இருந்தது. மேலே பழுப்பு நுரை, அடியில் நாக்கில் ஒட்டுகிற கசப்பு, தொண்டையில் இறங்கிய பிறகும் போகாத வாசனை. ஆனால் அதெல்லாம் இரண்டாம்பட்சம். எனக்காக ஒருத்தர் எழுந்திருக்கிறார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. ஒருநாள் டம்ளரை வாங்கும்போது கண் கலங்கிவிட்டது, ஆவி பட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

நான்காவது வாரம் கம்பெனி பஸ் சீக்கிரம் வருகிறது என்று ஆரம்பித்தார். “இன்னிக்கு ஒரு நாள் நீ போட்டுடேன்.” அந்த ஒரு நாள் ஆறு மாதம் நீண்டது. பழையபடி ஃபில்டரில் போட்டுக் கொடுத்தால், “என்ன இது, கழுநீர் மாதிரி இருக்கு” என்பார். நாக்கைப் பழக்கிவிட்டுப் போய்விட்டார், அழுத்துகிற கை மட்டும் என்னுடையதாகிவிட்டது.

அந்த மெஷினின் லட்சணம் அதோடு வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். இரும்பு முதலில் சூடாக வேண்டும், இல்லாவிட்டால் காபி புளிக்கும். ஒரு தடவை அழுத்தினால் இரண்டு வாய்க் காபிதான் வரும். பொடி வைத்த கிண்ணத்தைக் கழற்றி, சக்கையைத் தட்டி, கழுவி, மறுபடி பொடியை இறுக்கி, மறுபடி வெந்நீர் ஊற்றி அடுத்தவருக்கு ஆரம்பிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய அலுவலக நண்பர்கள் ஆறு பேர் வந்தார்கள். எஸ்பிரஸோ என்றதும் கல்யாண வீட்டில் புஸ்ஸென்று ஆவி விட்டு, நுரை ததும்ப, மேலே சாக்லேட் பொடி தூவித் தருவார்களே, அதை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நான் ஆறு தடவை அழுத்தினேன். ஆறாமவருக்குக் காபி வந்தபோது முதலாமவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். “அண்ணி, இவ்ளோதானா?” என்று ஒருவர் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். அவர் கையில் அந்தக் கைப்பிடியைக் கொடுத்திருக்க வேண்டும்.

வலது தோள் அதற்கப்புறம்தான் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ரயிலில் மேல் வளையத்தைப் பிடிக்க முடியவில்லை, தலை பின்னக் கை எழவில்லை. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, “தசை நல்லா பிடிச்சிருக்கு. ஒரு மாசத்துக்கு பாரம் தூக்கறது, அழுத்தறது எதுவும் கூடாது” என்றார். கணவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஆறு மணிக்கு அடுக்களையில் உருட்டுகிற சத்தம் கேட்டது. டம்ளர் என் கைக்கு வந்தது, இடது கைக்கு.

மாத்திரையும் பயிற்சியுமாக மூன்றே வாரத்தில் வலி போய்விட்டது. நான் சொல்லவில்லை. “எப்படி இருக்கு?” என்று கேட்டால், “இன்னும் இழுக்குது” என்பேன். ஒரு மாதம் இரண்டு மாதமாயிற்று. ரயிலில் வலது கையால் வளையத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போவேன், வீட்டுப் படியேறும்போது அந்தக் கையைத் தளர்த்தித் தொங்கவிடுவேன். வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. இரண்டு வாய்க் காபிக்காக ஒரு மனுஷி நோயாளியாக நடிக்க வேண்டியிருக்கிறதே என்று, யார்மேல் என்று தெரியாத கோபம்.

எனக்கு விடுமுறையான ஒரு சனிக்கிழமை. அவருக்கும் அன்று லீவு. ஆறு மணிக்கு வழக்கமான உருட்டல், பிறகு டப்பென்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. கதவருகே வந்து நின்றார். கையில் அறுந்துபோன ஒரு கறுப்பு ரப்பர் வளையம்.

“உள்ள இருக்கிற ரப்பர் போச்சு. இனிமே இதுல ஒண்ணும் பண்ண முடியாது. எழுந்து ஃபில்டர்ல போடு.”

“தோள்…” என்று ஆரம்பித்தேன்.

“தோள் எப்பவோ சரியாயிடுச்சில்ல? போன வாரம் பரண்லேர்ந்து அரிசி டப்பாவை நீதானே இறக்கின?”

காது மடல் வரைக்கும் சுட்டது. தெரிந்தேதான் இத்தனை நாள் போட்டிருக்கிறார். எனக்காகவா, மெஷினுக்காகவா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவருக்கும் பதில் தெரிந்திருக்காது. எழுந்துவிடுவதுதான் சுலபம். பதினேழு வருடமாக எழுந்த உடம்பு, கால் தானாகவே கட்டிலை விட்டுக் கீழே இறங்கியது.

காலை மறுபடி மேலே இழுத்துக்கொண்டேன்.

“குக்கர் ரிப்பேர் கடை ஒன்பது மணிக்குத் திறக்கும்” என்று சொல்லிவிட்டுப் போர்வையை முகம் வரைக்கும் போர்த்திக்கொண்டேன்.

அவர் கூடத்துக்குப் போனார். பிறகு பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது. ஒன்பதுக்கு ஸ்கூட்டர் கிளம்பியது. நான் படுத்தபடியே இருந்தேன். தலை வலித்தது, பசித்தது, ஆனாலும் எழவில்லை.

பத்தரைக்கு டம்ளரோடு வந்தார். “அந்த ஆளு, ‘இன்னா சார் இது, சைக்கிள் பம்பா?’ன்னு கேக்கறான். இதோட ரப்பர் இங்க கெடைக்காதாம். ஏதோ ஷீட்ல வெட்டிக் கொடுத்தான்” என்று அலுத்துக்கொண்டே நீட்டினார். விரலில் மசை அப்பியிருந்தது.

வலது கையை நீட்டி வாங்கினேன். அவர் அந்தக் கையைப் பார்த்தார். காபி ஆறிப்போயிருந்தது, ஒரே ரப்பர் நாற்றம். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.