மடிக்காத சட்டை

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இன்றைக்கும் வரிக்குக் கீழே விரல் வைத்துத்தான் படிப்பேன். அதனால் ஒரு நாவல் என் கையில் மாதக்கணக்கில் இருக்கும். அதில் வருகிறவர்களும் அதுவரை எங்கள் மண்ணூர்பேட்டை வீட்டில் கூடவே குடியிருப்பார்கள்.

கம்பெனி பேக்கிங் செக்‌ஷனில் என் பக்கத்தில் நிற்கிற பெண் கொடுத்த நாவல் அது. அதில் ஒரு கொத்தனார் இருமிக்கொண்டே இருக்கிறார். மனைவி எவ்வளவு கெஞ்சியும் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்கிறார். அம்பத்தூர் எஸ்டேட் பட்டறையில் லேத் ஓட்டுகிற என் வீட்டுக்காரரும் பொங்கலிலிருந்து இருமிக்கொண்டிருந்தார். கேட்டால் இரும்புத்தூள் என்பார்.

கேஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். எனக்குப் போய் இந்தக் கதையா?

ஒருவழியாகக் கொத்தனார் ஆஸ்பத்திரிக்குப் போனார். எக்ஸ்ரே அறை வாசலில் சட்டையைக் கழற்றி மனைவி கையில் கொடுத்தார். அதோடு மூடிவிட்டேன். பக்கத்தைத் திருப்பினால் அங்கே நடப்பது இங்கேயும் நடந்துவிடும் என்று பட்டது. சாமி படம் இருக்கிற வீட்டுக்குள் அந்தப் புத்தகத்தை வைக்கவும் மனம் வரவில்லை. அவருடைய ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

"ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வந்துடலாம்யா" என்றேன்.

"இன்னாமே, கதைல எவனோ இருமுனா நான் எக்ஸ்ரே எடுக்கணுமா? அவனுக்கு லாட்டரி வுழுந்தா எனக்குத் துட்டு குடுப்பியா?"

சிரிக்கப் போய் அவருக்கு இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், வண்டியை நிறுத்தியவர் உள்ளே வராமல் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். கையில் அந்தப் புத்தகம். தினமும் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் படித்திருக்கிறார். பேப்பரில் கிரிக்கெட் தவிர எதையும் படிக்காத மனுஷன்.

"முட்ச்சிட்டேன். நீ படிக்காத" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, "நாளிக்கு லீவு சொல்லிகீறேன். போலாம்" என்றார்.

மறுநாள் அம்பத்தூரில் எக்ஸ்ரே அறை வாசலில் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் சட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த கதை அதுவரைதான். மீதி அவருக்குத் தெரியும்.

"கதைல அவ சட்டைய மடிச்சு வச்சுட்டாமே" என்றார் மெதுவாக. "நீ மடிக்காத. அப்டியே வச்சுகினு இரு. வந்து போட்டுக்குறேன்."

கதவு சாத்திக்கொண்டது. கசங்கிய துணியைக் கண்டால் என் கை தானாக மடிக்கப் போய்விடும். மெஷின் ஆயில் வாசனை போகாத அந்தச் சட்டையை நெஞ்சோடு சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நெஞ்சில் என்ன இருந்தது, எத்தனை மாதம் மாத்திரை என்பதெல்லாம் அப்புறம் தெரிந்தது. இப்போதும் தினமும் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

கதவு திறந்தது. வெற்றுடம்போடு வந்தவர் கையை நீட்டினார்.

"குடுமே. உள்ள ஏசி, குளுருது."