கூட்டமில்லாத மலை

எனக்குத் தறி வேலை. சூலூர்ப் பக்கம் சொந்தமாகத் தறிக்குடோன். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். நான் கத்த மாட்டேன். அதனால் பேச்சு குறைந்துபோனது.

போன வருடம் காது டாக்டர் தலையை ஆட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது, முழுசாகப் போனாலும் போகலாம் என்றார். வெளியே வந்து டீ குடித்தேன். காது இருக்கும்போதே ஒரு தடவை சத்தமே இல்லாத இடத்தில் நின்று கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

"செவுடாயிட்டா சும்மாவே அமைதியாத்தானுங்க இருக்கும். அதுக்கு எதுக்குங்க தெண்டச் செலவு?" என்றாள்.

 ஆனாலும் அது வேறு, இது வேறு.

வெள்ளியங்கிரி மலைக்குப் பல தடவை போயிருக்கிறேன். சீசனில் முன்னால் ஏறுகிறவர் குதிகால்தான் தெரியும். அதனால் கோயமுத்தூரில் இமயமலைக்கு ஆள் கூட்டிப்போகும் ஆபீஸ் ஒன்றுக்குப் போனோம். அங்கே இருந்தவர் ஒரு மலைப் படத்தைக் காட்டினார். எல்லோரும் போகும் மலையாம். பனியில் வரிசையாக ஆட்கள். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கியது மாதிரி இருந்தது. இன்னொரு படம் காட்டினார். வெறும் கல்லும் வானமும்.

"இங்க என்னங்க இருக்குது?"

"ஒண்ணுமே இல்லீங்க. யாரும் அவ்வளவாப் போறதில்ல."

"அதையே போடுங்க."

காது விஷயத்தை வெளியே சொல்ல வேண்டாம் என்று வீட்டுக்காரியிடம் கேட்டுக்கொண்டேன். சொன்னால் எல்லோரும் என்னிடம் கத்த ஆரம்பிப்பார்கள்.

தப்பு அடுத்ததில் நடந்தது. எங்கள் பக்கம் தூரப் பயணம் போனால் சொந்தத்திடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லும்போது "நீங்களும் வாங்க" என்றும் கூப்பிட வேண்டும். அவர்கள் "பாக்கலாமுங்க" என்பார்கள். அதற்கு அர்த்தம் வரவில்லை என்பது. காலம்காலமாக இப்படித்தான். வீட்டுக்காரி தன் அண்ணனைக் கூப்பிட்டாள். நான் பங்காளிகளைக் கூப்பிட்டேன்.

"கூட்டமே இல்லீங்களா? அப்போ வாரோமுங்க," என்றார் மச்சான். பங்காளிகளும் அதையே சொன்னார்கள். வெள்ளியங்கிரிக் கூட்டம் அவர்களுக்கும் சலித்துப்போயிருந்தது. கூப்பிட்ட பிறகு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

ஒரு வேனில் அடங்கவில்லை. ஆபீஸ்காரர் போன் செய்தார். "அந்த மலைக்கு இவ்வளவு பேரு சேர்ந்தாப்பல இதுவரைக்கும் போனதில்லீங்க," என்றார்.

ரயிலில் போய் இறங்கினோம். மலையடிவாரத்தில் ஒரு வழிகாட்டி வந்தார். அவருக்கு இந்திதான் தெரியும். எங்களில் மச்சானுக்குத்தான் இந்தி வரும். தறிக்கு வரும் வடக்கத்தி ஆட்களிடம் கற்றது. நூல் அறுந்துபோச்சு, வேகமா ஓட்டு, டீ டைம் முடிஞ்சுது. இவ்வளவுதான். வழிகாட்டி எல்லோரும் நலமா என்று கேட்டார் போலிருக்கிறது. மச்சான் நூல் அறுந்துபோச்சு என்றார். வழிகாட்டி பையில் இருந்த கயிறுகளை எடுத்து இழுத்துப் பார்த்தார்.

ஓர் இடத்தில் பாதை ஒற்றையாளுக்கு மட்டும் இருந்தது.

"நீங்க போங்க."

"அட, பெரியவங்க நீங்க முன்னால போங்க."

"மாப்பிள்ளைய வெச்சுட்டு நான் போலாங்களா?"

யாரும் போகவில்லை. பின்னால் ஆட்டுக்காரர் ஒருவர் மந்தையோடு வந்து நின்றார். மச்சான் ஆடுகளைப் பார்த்தும் "நீங்க போங்க" என்றார். ஆடுகள் போய்விட்டன. வழிகாட்டி கல்லில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். கல், பனி, வானம். படத்தில் இருந்த அதே இடம். எங்கள் ஆட்கள் அங்கே உட்கார்ந்து அன்னூரில் தோட்டம் என்ன விலை போகிறது என்று பேசினார்கள். சும்மா இருங்கள் என்று பெரியவர்களிடம் சொல்ல முடியாது. நான் எழுந்து தனியாக மேட்டுப் பக்கம் நடந்தேன்.

அது அடுத்த தப்பு. கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து தனியாகப் போனால் கோபித்துக்கொண்டார் என்று அர்த்தம். சமாதானம் செய்து கூட்டி வர வேண்டும்.

மச்சான் மூச்சு வாங்க ஓடி வந்தார். "மாப்ளே, ஆரு என்ன சொன்னாங்க?"

"ஆரும் ஒண்ணும் சொல்லலீங்க."

"அப்படிச் சொன்னாலே என்னமோ இருக்குதுங்க."

பங்காளிகளும் வந்துவிட்டார்கள். பெரிய பங்காளி என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க ஊட்டுக் கெடா வெட்டுக்கு நான் நேரங்கழிச்சு வந்தது தப்புத்தானுங்க. மனசுல வெச்சுக்காதீங்க," என்றார். எனக்கு அந்த நினைப்பே இல்லை. மச்சான் எப்போதோ வாய்க்கால் தண்ணீர் விட்டதில் நடந்த தகராறுக்கு மன்னிப்புக் கேட்டார். அது என்னோடு நடந்ததே இல்லை. வழிகாட்டியும் வந்து கும்பிட்டார். எதற்கு என்று அவருக்கும் தெரியாது.

கடைசியாக வீட்டுக்காரி ஏறி வந்தாள். பார்த்தாள். பொறுக்கவில்லை.

"அவருக்குக் காது போகப்போகுதுங்க. அதுக்கு முன்னால அமைதின்னா எப்படி இருக்கும்னு கேக்கோணுமாம். அதுக்குத்தான் வந்தாரு. செத்த நேரம் எல்லாரும் வாய மூடுங்க."

மூடினார்கள். ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் என் காதையே பார்த்தார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணைப் பார்ப்பது மாதிரி.

நான் கண்ணை மூடினேன். காற்றும் நின்றிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. நன்றாக இருந்தது.  இதற்குத்தான் வந்தேன் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம் போனது. இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் பயம் வந்தது. இது அமைதியா, இல்லை காது போய்விட்டதா? இத்தனை உயரத்தில் காது அடைக்கும் என்று ஆபீஸ்காரர் சொல்லியிருந்தார்.

கண்ணைத் திறந்தேன். "ஆராச்சும் பேசுங்க," என்றேன். என் குரல் எனக்கு உள்ளேயே கேட்டது. அது கணக்கில்லை.

யாரும் பேசவில்லை. எனக்கு மரியாதை செய்கிறார்கள். மச்சான் உதட்டில் விரல் வைத்து, கவலைப்படாதீர்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பது போலத் தலையாட்டினார். பெரிய பங்காளி மூச்சையே பிடித்துக்கொண்டிருந்தார்.

"பேசுங்கன்னா பேசுங்க!" நான் கத்தினேன். வாழ்க்கையில் கத்தியது அது ஒரு தடவைதான். அவர்கள் இன்னும் கெட்டியாக வாயை மூடிக்கொண்டார்கள்.

வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்தாள். கிட்டே வந்தாள்.

"மூக்கு ஒழுகுதுங்க. தொடைங்க," என்றாள்.

கேட்டது. துடைத்தேன்.

"எல்லாரும் பேசுங்க," என்றாள் அவள். பேசினார்கள். வண்டி ஏறும்வரை நிறுத்தவில்லை. நானும் பேசிக்கொண்டே வந்தேன்.