மறு விசாரணையில் ஒரே ஒரு கேள்வி

நான் ஜூனியராகச் சேர்ந்த ஆபீசில் இன்ன கேஸ்தான் என்று கிடையாது. காலையில் செக் கேஸ், மதியம் பாகப்பிரிவினை, இடையில் லாரி மோதியவருக்கு நஷ்டஈடு, யாருக்காவது ஜாமீன். விருதுநகர் பஜாரில் பருப்பு வியாபாரம் செய்யும் அப்பா, "உங்க ஆபீசும் பலசரக்குக் கடைதான். அதுக்கு நம்ம கடையிலயே உக்காந்திருக்கலாம்" என்பார். எனக்கோ சாட்சி விசாரணை என்றால் சோறு வேண்டாம்.

சீனியர் முழுதாக என் கையில் கொடுத்த முதல் வழக்கு ஒரு விவாகரத்து. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கும் ஒரு அக்காதான் நம் கட்சிக்காரர். மனைவி தாலியைக் கழற்றி முகத்தில் எறிந்துவிட்டுப் போய்விட்டாள், அது மனக்கொடுமை, ஆகவே விவாகரத்து வேண்டும் என்று கணவர் மனுப் போட்டிருந்தார்.

"அந்தாளு கூட இனி வாழப் போறதில்ல வக்கீலம்மா" என்றார் அக்கா. "பிரியணும்னா முறையா வந்து கேக்கட்டும், ரெண்டு பேருமாச் சேந்து எழுதிக் குடுப்போம். ஆனா நான் தாலிய எறிஞ்சவள்னு கோர்ட்டு எழுதக் கூடாது. ரெண்டு பொட்டப்பிள்ளைய வச்சிருக்கேன். இப்பவே கம்பெனி வேன்ல பின்னால உக்காந்து பேசுதாளுக."

அப்படி எழுத விடக் கூடாது என்று எனக்கும் பிடிவாதம் வந்துவிட்டது.

விசாரணை அன்று சீனியர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கொலை வழக்கில் மாட்டிக்கொண்டார். "நீயே பாத்துக்க. அவங்க குறுக்கு விசாரணை முடிஞ்சதும் நம்ம சாட்சிய நாமளே மறுபடி கேக்கலாம்ல, அந்த மறு விசாரணையில பதில் தெரியாத கேள்விய மட்டும் கேட்டுராத" என்று போனை வைத்தார்.

கணவருக்கு மதுரையிலிருந்து ஒரு வக்கீல். அக்கா கூண்டில் ஏறியதும் குறுக்கு விசாரணையை இனிமையாக ஆரம்பித்தார்.

"தாலிச் செயினைக் கழட்டினது உண்டாம்மா?"

"ஆமா, கழத்துவேன்."

"மெட்டி?"

"அதும்தான்."

"கணவர் உயிரோட இருக்கும்போதேவா?"

"ஆமா."

அவர் உட்கார்ந்துவிட்டார். வட மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த நீதிபதி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அக்கா டிக்கெட் வாங்கி முடித்தவர் மாதிரி அமைதியாக நின்றார்.

நான் ஒன்று கவனித்திருந்தேன். வேலை முடிந்து வேனிலிருந்து இறங்கி நேராக ஆபீசுக்கு வரும் நாட்களில் அவர் காலில் மெட்டி இருக்காது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் இருக்கும். வேலைக்காகத்தான் கழற்றுகிறார் என்று தோன்றியது, நிச்சயமாகத் தெரியாது. "வேலைக்காகத்தானே கழட்டினீங்க?" என்று நம் சாட்சியிடம் பதிலையும் சேர்த்துக் கேட்கச் சட்டம் விடாது. கேட்காமல் விட்டால் அந்த 'ஆமா' அப்படியே நின்றுவிடும். எழுந்துவிட்டேன்.

"ஐயா, மறு விசாரணை. ஒரே ஒரு கேள்வி." அக்காவிடம் திரும்பினேன். "ஏன் கழட்டினீங்க?"

அவர் என்னை முறைத்தார். நானும் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"ஏனா? மருந்து ரூமுக்குள்ள வெள்ளியும் தங்கமும் மாட்டிக்கிட்டுப் போனா போர்மேன் விடுவாரா? உரசித் தீப்பிடிச்சா நான் மட்டுமா போவேன், அங்கன இருக்கவுக அம்புட்டுப் பேரும் போவாக. காலையில மஞ்சக்கயித்தக் கட்டிக்கிட்டு, செயினையும் மெட்டியையும் சாமி படத்துக்கு முன்னால வச்சிட்டு வேன் ஏறுவேன். சாயங்காலம் குளிச்சிட்டு எடுத்துப் போடுவேன். எங்க கம்பெனியில கல்யாணமான பொம்பளைக எல்லாரும் அப்படித்தான். நாளைக்கு நீங்க வந்தாலும் கழத்தணும்."

"தினமுமா?" என்றார் நீதிபதி.

"ஞாயித்துக்கெழம லீவுங்கய்யா."

மதுரைக்காரர் எழுந்தார். "குறுக்கு விசாரணையில சாட்சி இதைச் சொல்லலையே."

"நீங்க கேக்கலையே" என்ற நீதிபதி, அக்கா சொன்னதை ஒரு வரி விடாமல் டைப் அடிக்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டார். "நம்ம பக்கம்னு நெனச்சா நீங்களும் அதையே கேக்கீக."

"தெரியாதவங்களுக்குச் சொல்லணும்ல, அக்கா."

"இது தெரியாமயா அவரு மதுரையில வக்கீலா இருக்காரு?"

தீர்ப்பில் மனு தள்ளுபடி ஆனது. அக்காவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. கம்பெனி வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். பொறுமை இல்லாமல், நகல் கைக்கு வந்த அன்றே பஸ் பிடித்து ஏழாயிரம்பண்ணைக்குப் போய், வேன் நிற்கும் இடத்தில் காத்திருந்தேன்.

அக்கா இறங்கியதும் முதலில் கேட்டது: "எறிஞ்சேன்னு எழுதியிருக்காகளா?"

"இல்ல. எறிஞ்சதா நிரூபிக்கலைன்னு எழுதியிருக்கு. வேலைக்காகக் கழட்டினது கொடுமை ஆகாதுன்னும் இருக்கு."

"அப்ப இங்கனயே வாசிங்க. சத்தமா."

வேனுக்குள் இன்னும் பாதிப் பேர் இருந்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். "இருடே, வாசிச்சு முடிக்கட்டும்" என்று அக்கா அதட்டினார். படியில் ஏறி நின்று, அந்தப் பத்தியை வாசித்தேன். முன்சீட்டில் ஒருத்தி, "நம்ம போர்மேனும் தீர்ப்புல வாராராக்கும்" என்று சிரித்தாள். பின்சீட்டில் இருந்தவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"பின்னால கேட்டிருக்காது" என்றார் அக்கா. "இன்னொருக்க வாசிங்க."

வேனுக்குள் ஏறி, கடைசி சீட்டு வரை நடந்து போய், முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன்.