தயிருக்குப் பின்னால் ஒளித்த தண்ணீர்

தெருவில் அவளுக்கு ‘உதறல்’ என்று பெயர். பிறந்ததுமே அழ மறந்து நர்ஸம்மாவைப் பார்த்து நடுங்கினாளாம். அவள் போடும் கூச்சலுக்குப் பயந்து கரப்பான்பூச்சிகூட அந்த வீட்டில் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுத்தான் நடமாடும்.

அப்பேர்ப்பட்டவளைத்தான் இளைஞர் சுற்றுச்சூழல் மன்றம் தண்ணீர்க் குழுவுக்குத் தலைவி ஆக்கியது.

“மேடம், நான் வேணாம். என்னால கொசுவக்கூட அதட்ட முடியாது” என்று அவள் கும்பிட்டாள்.

“அதனாலதாம்மா நீ. பயப்படறவதான் கையுறைய கழட்டாம வேலை பாப்பா” என்றார் மன்றத்தை நடத்தும் மேடம்.

முலாம் பூசும் பட்டறைக்குப் பின்னால் ஒரு கிணறு. அந்தச் சந்தே அதைத்தான் குடிக்கிறது. பட்டறைக் கழிவு அதில் இறங்குகிறது என்று மன்றத்துக்குச் சந்தேகம். தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். அதனால் எந்த அதிகாரியும் அதைச் சோதிக்கச் சம்மதிக்கவில்லை. இன்று மன்றக் கூட்டத்துக்கு நகராட்சி அதிகாரி வருகிறார். அவர் கையில் கிணற்றுத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துப் பேச வேண்டியது தலைவி.

சோதனைக்கு எடுத்த தண்ணீர் குளிரிலேயே இருக்க வேண்டும் என்பது மன்றத்து விதி. பட்டறைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது தெரிந்தால் அம்மா தோலை உரித்துத் தையல் மெஷினில் கொடுத்துவிடுவாள். அதனால் நேற்று மாலை எடுத்த பாட்டிலை யாரிடமும் மூச்சுவிடாமல், ஃபிரிட்ஜில் தயிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

இன்று காலையில் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தாள். பாட்டிலில் பாதிதான் இருந்தது.

அவள் எழுதி ஒட்டிய சீட்டு ஈரத்தில் கழன்று, கீழே இருந்த கத்திரிக்காயில் ஒட்டிக்கொண்டிருந்தது. ‘குடிக்காதே’ என்று கத்திரிக்காய் மிரட்டியது.

நெஞ்சு அடித்த அடியில் மேலே இருந்த முட்டைகள் ஆடியிருக்கும். அப்பா நேற்றே லாரியோடு வெளியூர் போய்விட்டார். அம்மா பானைத் தண்ணீரைத் தவிர வேறு தொடமாட்டாள். மிச்சம் அக்கா. ஏழு மாதக் கர்ப்பிணி.

குழாயைத் திறந்து பாட்டிலை நிரப்பிவிடலாம். ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. கை குழாய்வரை போனது. அப்புறம் தானாகத் திரும்பி வந்தது.

“அக்கா... தயிருக்குப் பின்னாடி இருந்த பாட்டில்ல தண்ணி குடிச்சியா?”

“ஆமாண்டி. ஒரே தாகம். ஆணிய சப்பின மாதிரி ஒரு ருசி. ஏன், அது உன் சீதனமா?”

உதறல் சொல்லிவிட்டாள். சொல்லி முடிப்பதற்குள் மெஷின் நின்றது. அம்மா திட்டவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. துப்பட்டாவை எடுத்து அக்கா தோளில் போட்டு, “ஆட்டோவ கூப்பிடு” என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அக்காவைப் படுக்கவைத்து, வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டார். குழந்தையின் இதயம் துடித்தது.

“இப்போதைக்கு நல்லாருக்கு. ஆனா அந்தத் தண்ணியில என்ன இருக்கு?”

“தெரியாது டாக்டர்.”

“தெரிஞ்சாதானே நான் எதுக்குப் பாக்கணும்னு எனக்குத் தெரியும்? சீக்கிரம் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. இவங்க இங்கயே இருக்கட்டும்.”

பாட்டிலைக் கட்டிக்கொண்டு உதறல் மன்றத்துக்கு ஓடினாள். பேச்சு முழுக்க மனப்பாடம். மேடை ஏறியதும் வணக்கம்கூட ஞாபகத்தில் இல்லை. கால் உதறிய உதறலில் மேசைமேல் டம்ளர்கள் கிணுகிணுத்தன.

“சொல்லும்மா, பயப்படாதே” என்றார் அதிகாரி.

“பயமாத்தான் சார் இருக்கு. எங்க அக்கா வயித்துல குழந்தை. அவ இதுல பாதிய குடிச்சிட்டா. இதுல என்ன இருக்குன்னு டாக்டர் கேக்கறாங்க. அந்தச் சந்துல எல்லாரும் தினமும் இதத்தான் குடிக்கறாங்க. அவங்களுக்கும் வயிறு இருக்கு சார்.”

அதிகாரி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“தெளிவாத்தானேம்மா இருக்கு?”

“அப்ப ஒரு வாய் குடிங்க சார்.”

சொன்னது தான்தானா என்று அவளே திரும்பிப் பார்த்தாள். அதிகாரி மூடியைத் தொட்டார். திறக்கவில்லை. டிரைவரைக் கூப்பிட்டு, “இத இப்பவே லேப்ல குடுத்துட்டு வா. நான் போன் பண்றேன். அந்தச் சந்துக்கு லாரில தண்ணி அனுப்பச் சொல்லணும்” என்றார்.

ஜீப் போய்விட்டது. லேபிலிருந்து பதில் வரவில்லை. மன்றத்து வாசல்படியில் உட்கார்ந்து போனையே முறைத்துக்கொண்டிருந்தாள். அது அடித்தபோது கீழே போட்டுவிட்டுத்தான் எடுத்தாள்.

அக்கா.

“என்னடி, லேப்ல என்ன சொன்னாங்க?”

“இன்னும் சொல்லலக்கா. நீ எப்படி இருக்க?”

“உள்ள இருக்கறது ஒதைக்குது. உன் சாயல் இல்ல, தைரியமா ஒதைக்குது. நீ இங்க வா. அம்மா உன்ன அடிக்கக் காத்துட்டிருக்கா. அடிக்காம அவளுக்குக் கை நடுங்குது.”