ஜெயராணி எடுத்த கறுப்பு வெள்ளை மரங்கள்

செவ்வாய்க்கிழமை காலை நான் வேலைக்குப் புறப்படும்போது ஜெயராணியின் கணவர் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணை, ராணி விடியப்புறம் போயிட்டா" என்றார். ஜெயராணி நோயுற்றிருந்தது ஜெர்மனியில், டோர்ட்மண்டில் வாழும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு காலில் மட்டும் மாட்டிய சப்பாத்தோடு வெகுநேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மன்னாரிலிருந்து வந்த ஜெயராணி இங்கே படம் கழுவி அச்சிடும் ஓரிடத்தில் வேலை செய்தார். ஒக்டோபர் பிறந்தால் ஊரார் எடுத்த மஞ்சள், சிவப்பு இலைகளெல்லாம் அவர் கையால்தான் அச்சாகி வெளியே வரும். தாம் எடுப்பதோ கறுப்பு வெள்ளை. ஏன் என்று கேட்டால், "நிறத்தைப் பாத்தவுடன சனம் வடிவு எண்டு சொல்லிப்போட்டுப் போயிடும் அண்ணை. மரத்தை ஆர் பாக்கிறது?" என்பார்.

எங்கள் தமிழ்ப் பள்ளியின் நாட்காட்டியை நான்தான் தொகுத்து வந்தேன். ஓர் ஆண்டு அட்டைக்கு அவரிடம் படம் கேட்டேன். மழையில் நனைந்த, பீச் எனப்படும் காட்டு மரங்களின் கறுப்பு வெள்ளைப் படத்தைத் தந்தார். அட்டைக்கு அது மங்கல் என்று எனக்குப் பட்டது. அவரைக் கேட்காமலே அச்சகத்தில் சொல்லி, கணினியில் இலைகளுக்குச் செம்மஞ்சள் ஏற்றவைத்தேன். ஆண்டு விழா மண்டபத்தில் அதைக் கையில் எடுத்த ஜெயராணி சத்தம் போடவில்லை. "இது என்ர படம் இல்லை. என்ர பேரை எடுத்துவிடுங்கோ" என்றார். இருநூறு பிரதிகளில் எப்படி எடுப்பது? அவரே வெள்ளைத் தாளைச் சிறு துண்டுகளாக வெட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் அமர்ந்தார். விழா முடியும்வரை இருவரும் அவற்றை அந்தப் பெயரின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தோம்.

அடுத்த இலையுதிர்காலத்தில்தான் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "ஞாயிற்றுக்கிழமை காட்டுக்கு வாங்கோ. நீங்கள் கலர்ல எடுங்கோ, நான் என்ர மாதிரி எடுக்கிறன்" என்றார். ஊசியிலை மரங்களின் நடுவே சிவந்து நின்ற ஒரு மேப்பிள் மரத்தை இருவரும் எடுத்தோம். படங்கள் அச்சாகி வந்ததும் இரண்டையும் மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"என்ரதில சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாப் போச்சு. மரத்தையே காணேல்லை. இந்த முறை உங்கட படத்தைப் போடுங்கோ அண்ணை."

நாட்காட்டி அட்டையில் அப்படியே போட்டோம்.

அவரால் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. பிறருடைய படத்தையோ எழுத்தையோ தொடுவதற்கு முன் அழைத்துக் கேட்டுவிடுகிறேன். ஜெயராணியின் நினைவு அட்டைக்கு அவருடைய கலர்ப் படம் ஒன்றைக் கணவர் தந்தபோதும் கேட்டேன்: "கறுப்பு வெள்ளையா மாத்தட்டோ?"

"வேண்டாம் அண்ணை. ராணி ஆசையா வாங்கின சிவப்புச் சீலை. தெரியட்டும்."

சிவப்பாகவே அச்சிட்டேன்.