ஓரத்து முகம்

புருசன் பேரச் சொல்லக்கூடாதும்பாங்க. நான் சொல்லுவேன். யோசேப்பு. போடி பஜார்ல போட்டோ ஸ்டுடியோ வச்சிருந்தாரே, அதே யோசேப்புதான். கத்தரிக்காய் வாங்கப் போனாக்கூட கடைக்காரன அழவச்சிட்டுத்தான் வருவாரு. அப்பேர்ப்பட்ட மனுசன் லென்சு வாங்குன கதையச் சொல்றேன், ஆளு எப்படின்னு தெரிஞ்சுக்கிடுங்க.

ஐம்பத்தாறாம் வருசம். குரங்கணிக்கு மேல ஒரு ஏலத்தோட்டம். காயெடுப்பு முடிஞ்சா அங்க எல்லாரையும் நிக்க வச்சு இவருதான் படம் எடுப்பாரு. நடுவுல நாற்காலியில மொதலாளி, ரெண்டு பக்கமும் கங்காணிக, காயெடுக்குற சனமெல்லாம் ஓரத்துல. அந்தப் படம் ஒண்ண மடியில கட்டிக்கிட்டு ஆயம்மாக்கா ஸ்டுடியோவுக்கு வந்துச்சு. அந்தத் தோட்டத்துலதான் அதுக்கும் வேலை.

"தம்பி, இதுல எம்புள்ள சின்னமுத்து எங்க?"

ஓரத்துல தேடுனோம். சட்டை இருந்துச்சு, கையக் கட்டி நின்ன நெலை இருந்துச்சு. மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல கஞ்சிய வழிச்சு விட்ட மாதிரி ஒரு வெள்ளை. பையன் மலைக்காய்ச்சல்ல போயிட்டான். அவன் நின்னு எடுத்தது இந்த ஒத்தப் படம்தான்.

"கண்ண மூடுனா மொதல்ல அவன் மொகம் தெரியும் தம்பி. இப்பத் தெரிய மாட்டேங்குது. மறந்து போயிருமோன்னு பயமா இருக்கு."

இவரு அந்தப் படம் எடுத்த பழைய கண்ணாடி பிளேட்டத் தேடி எடுத்து, பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தாரு. அதுலயும் மொகம் இல்ல. "அவன் அசையல ஆத்தா. மலையில மஞ்சு எறங்கி வெளிச்சம் இல்ல. லென்ச முழுசாத் தொறந்து எடுத்தேன். தொறந்தா இந்த லென்சு நடுவுல இருக்கிறவனத்தான் பாக்கும், ஓரத்துல இருக்கிறவன விட்டுரும். தப்பு என்மேலதான்"ன்னாரு. அந்தக்கா படத்த மறுபடி மடியில கட்டிக்கிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. அன்னைக்கு இவரு சோத்துல கையே வைக்கல.

"ஏ புஷ்பம், மொதலாளிக்கு வீடு நெறையப் படம் இருக்கு. ஓரத்துல நிக்கிறவனுக்கு ஒண்ணுதான்டி"ன்னாரு.

சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் வேற லென்சு வாங்க மதுரைக்குக் கெளம்புனோம். ஏமாந்துட்டு வந்துருவாரோன்னு நானும் கூடவே போனேன். கடைக்காரன் ரெண்டு லென்ச எடுத்து வச்சான். ஒண்ணு புதுசு, பெரிய கம்பெனி, பளபளன்னு கண்ணப் பறிக்குது. இன்னொண்ணு யாரோ வித்துட்டுப் போன பழசு. பித்தளை கறுத்துப் போயி, கண்ணாடிக்குள்ள கடுகு கணக்கா ஒரு குமிழி வேற. விலை பாதிதான். சீ, இத ஓசியில குடுத்தாலும் வேணாம்னு நெனச்சேன்.

இவரு கொண்டு போன கேமராவுல ரெண்டையும் மாத்தி மாத்தி மாட்டுனாரு. முழுசாத் தொறந்து வச்சாரு. எதுத்த ஜவுளிக்கடை போர்டு படத்தோட மூலையில விழுற மாதிரித் திருப்பினாரு. கடைக்காரன் சிரிச்சான். "நடுவுல வச்சுப் பாருங்கண்ணே."

"நடுவுல எல்லாமே நல்லாத்தான் தெரியும். ஏலக்கா வாங்குறவன் மூட்டையோட அடியில கைய விட்டுத்தானப்பா பாப்பான்?"

என்னையும் கேமராவ மூடுற கறுப்புத் துணிக்குள்ள கூப்பிட்டாரு. எழுத்தெல்லாம் தலைகீழாத் தொங்குது. புது லென்சுல அந்த எழுத்து மழையில நனைஞ்ச கோலமாக் கலங்கிக் கெடந்துச்சு. பழசுல பாத்தேன். ஆத்தாடி! ஒவ்வொரு எழுத்தும் ஊசியில கீறுன மாதிரி நிக்குது. ஜவுளி மாளிகைன்னு எழுதி அதுக்குக் கீழ 'பட்டுச் சேலைகள்'னு போட்டிருந்தான். அந்த 'ள்' மேல இருக்கிற புள்ளி, கடுகுலயும் சின்னது, அதுகூடத் தெரியுது. எம்புட்டு நேரம் துணிக்குள்ளயே நின்னேனோ, இவருதான் வெளிய இழுத்தாரு.

"குமிழி?"ன்னேன்.

"அது படத்துல விழாதுடி. புள்ளி விழுந்துச்சா இல்லையா, அதச் சொல்லு."

அதையே வாங்கினோம்.

அடுத்த காயெடுப்பு முடிஞ்சதும் தோட்டத்துல கூப்பிட்டாங்க. அன்னைக்கும் பாழாப் போன மஞ்சு. ஆயம்மாக்கா எனக்கெதுக்குப் படம்னு ஒதுங்கிப் போச்சு. இவருதான் கையெடுத்துக் கும்பிட்டு, மகன் நின்ன அதே ஓரத்துல நிக்க வச்சாரு.

பிரிண்டு போட்டதும் நாங்க ரெண்டு பேரும் மூச்சு விடாமப் பாத்தோம். ஓரத்துல அந்தக்கா மூக்குத்தி, நெத்திச் சுருக்கம், கண்ணுல கட்டி நின்ன தண்ணி வரைக்கும் விழுந்திருந்துச்சு. மனுசன் செஞ்ச கண்ணாடி இம்புட்டையும் பாக்குமான்னு எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு.

அந்தக்கா சந்தைக்கு எறங்கி வந்தப்ப இவரு படத்த அது கையில குடுத்தாரு. தம் மொகத்த இம்புட்டுத் தெளிவா அது எங்க பாத்திருக்கு? ரொம்ப நேரம் வச்ச கண்ணு வாங்காமப் பாத்துச்சு. அப்புறம் ஒரு வெரலால படத்துல இருக்கிற கொண்டையையும் நெத்திச் சுருக்கத்தையும் மறைச்சுச்சு. இன்னொரு வெரலால மூக்குத்திய மறைச்சுச்சு.

"அய்யோ, எஞ்சாமி! இந்தா நிக்கிறான்ல!"

எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல. எட்டிப் பாத்தேன். அந்தக் கண்ணு, அந்த மேலுதடு. ஆத்தா சாடையிலயே ஒரு எளவட்டப் பய என்னையப் பாத்துக்கிட்டு நின்னான்.

ஆயம்மாக்கா வெரல எடுக்காமலே படத்த இவருகிட்ட நீட்டுச்சு.

"பென்சில்ல ஒரு மீசை மட்டும் வரைஞ்சு குடு தம்பி. அரும்பு மீசைதான் அவனுக்கு. கொஞ்சமாப் போடு."