டியூப் இல்லாத சக்கரமும் ஆள் இல்லாத கடையும்

பஞ்சர் கடைக்கு யாரும் சந்தோஷமாக வருவதில்லை. பாதி வழியில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, முள் மேல் இருக்கிற கோபத்தையெல்லாம் கடைக்காரர் மேல் இறக்கி வைக்கத்தான் வருவார்கள். கடைக்காரர் ஒரு பெண்ணாக இருந்துவிட்டால் கோபத்தோடு சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். மருந்துக் கடையிலோ ஜெராக்ஸ் கடையிலோ உட்கார்ந்துகொண்டு, "ஆம்பிளைங்க யாரும் இல்லையா?" என்ற கேள்விக்குத் தினமும் பதில் சொல்லும் சகோதரிகளே, உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆள் வரட்டும்

வண்ணார்பேட்டையில், பஸ் திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் சைக்கிள் கடை. பரணிலிருந்து விழுந்ததில் அப்பாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடியது, பிடிமானம் கூடவில்லை. பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு வீட்டில் இருந்த நான் கடைக்கு வந்தேன். அப்பா வாசலில் நாற்காலியில் இருப்பார். நான் உள்ளே தரையில் டயரும் கையுமாக இருப்பேன். "கொஞ்ச நாளைக்குத்தான். பொறவு கடையைச் சுப்பையாவுக்குக் கைமாத்தி விட்டுருவேன்" என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சுப்பையா அண்ணாச்சி பக்கத்து இரும்புக் கடைக்காரர். எனக்கோ இந்த வேலை பிடித்துப்போயிருந்தது. கடையை விட மனசில்லை என்று அப்பாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஒருநாள், கை முழுக்கக் கறுப்போடு ஒரு டயரைப் பாதி கழற்றிக்கொண்டிருந்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் என் தலைக்கு மேலாகக் கடைக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன வேலை பாக்கணும்?" என்று கேட்டேன். என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த டயரைப் பார்த்தார். நிதானமாக ஸ்டாண்டு போட்டுவிட்டுச் சொன்னார்: "பரவால்லம்மா, ஆள் வார வரைக்கும் இங்கன நிக்கேன்."

காசிம் பாயும் உடைமுள்ளும்

மேலப்பாளையம் காசிம் பாய் ஷார்ஜா வேலையை முடித்துக்கொண்டு வந்தபோது, தடித்த டயர் போட்ட மலை சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். சர்க்கரை வியாதிக்கு டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொல்லியிருந்தார். அவர் மிதித்ததோ வாய்க்கால் கரையில். அங்கே வழியெல்லாம் உடைமரத்து முள் கிடக்கும். அவர் ஓட்டிய நேரத்தைவிடத் தள்ளிய நேரம் அதிகம்.

கடைசியில் அவரே ஒரு யோசனை சொன்னார். ஷார்ஜாவில் ஒரு வெள்ளைக்காரன் டியூபே இல்லாமல் ஓட்டினானாம். சின்னப் பிள்ளைகள் சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்து, ரிம்மின் மேல் இழுத்து விரித்து, கம்பி ஓட்டைகளையெல்லாம் மூடிவிட வேண்டும். அதன் மேல் டயரைப் போட்டு, உள்ளே கொஞ்சம் ரப்பர் பால் ஊற்றிக் காற்றடிக்க வேண்டும். முள் குத்தினால் பால் அந்த ஓட்டையில் வந்து உறைந்து, தானே அடைத்துக்கொள்ளும். எங்கள் வாடிக்கையாளர்களில் என் முகத்தைப் பார்த்துப் பேசிய ஒரே மனிதர் அவர்தான். நான் தயங்குவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "செஞ்சு பாரும்மா. போனா என் டயருதான போவும், நீ படிச்ச படிப்பா போவும்?"

பஸ்ஸில் வந்த பால்

ரப்பர் பாலுக்குக் கல்லூரித் தோழி ஸ்டெல்லா கைகொடுத்தாள். அவள் ஊர் குலசேகரம் பக்கம். வீட்டுக்குப் பின்னாலேயே ரப்பர் மரங்கள். பால் உறையாமல் இருக்க அம்மோனியா கலந்து, ஒரு கேனில் அடைத்து, நாகர்கோவில் பஸ்ஸில் ஏறிவிட்டாள். மூடி கொஞ்சம் இளகியதும் பஸ்ஸே மூக்கைப் பிடித்துக்கொண்டது. கண்டக்டர் கேனைத் திறந்து பார்த்து, வெள்ளையாக இருப்பதைக் கண்டு, ஸ்டெல்லாவைப் பரிதாபமாகப் பார்த்துக் கேட்டாராம்: "எக்கா, இதக் காய்ச்சிப் பிள்ளைகளுக்கா குடுக்கப் போறிய?"

லாரி டயர் கடையில்

டியூப் இல்லாத டயர் ரிம்மோடு பொருந்த வேண்டுமானால் காற்று ஒரே மூச்சில் உள்ளே போக வேண்டும். எங்கள் கால் பம்பு அதற்குக் காணாது. லாரி டயர் கடைக்குச் சக்கரத்தையும் பால் கேனையும் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். டயர் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவினால்தான் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். உள்ளே கொஞ்சம் பால் ஊற்றிவிட்டு நான் தடவ ஆரம்பித்ததும் கடைக்காரர் காற்றுக் குழாயை எடுத்துக்கொண்டு, "நீ தள்ளும்மா, இதெல்லாம் ஒனக்கு எதுக்கு?" என்றார். சோப்பு வேண்டும் என்று சொன்னேன், இரண்டு தடவை. காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. காற்றைத் திறந்துவிட்டார்.

டயர் ரிம்மை விட்டுத் தெறித்தது. பால் அவர் சட்டையெல்லாம் பீய்ச்சியடித்தது. நான் குழாயை வாங்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மீதிப் பாலை ஊற்றிக் காற்றைத் திறந்தேன். 'டப் டப்' என்று டயர் ரிம்மில் உட்கார்ந்துகொண்டது. நியாயமாக என்ன சொல்லியிருக்க வேண்டும்? சட்டையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சொன்னது: "பொம்பள பக்கத்துல நின்னா இப்படித்தான்வே தெறிக்கும்."

டியூபைக் களவாடியவள்

காசிம் பாய் அதன்பிறகு ஒருநாளும் சைக்கிளைத் தள்ளவில்லை. ஊரெல்லாம் சொல்லியும் விட்டார். அதைக் கேட்டு ஒரு கணக்கு வாத்தியார் வந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், வழி முழுக்க முள், புதிதாக வாங்கிய தடித்த டயர் சைக்கிள். தனக்கு வேண்டியதையெல்லாம் அப்பாவிடம் சொன்னார். இரண்டு சக்கரத்தையும் மாற்றிக் கொடுத்தேன். "உள்ள டியூப் கிடையாது சார். முள் குத்துனா உருவிட்டு, சக்கரத்தைச் சுத்திவிட்டா போதும். டயரைக் கழத்தவே கூடாது" என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். கண் மட்டும் அப்பா பக்கமே இருந்தது.

மறுவாரம் புயலாக வந்தார். பின் டயரில் முள் ஏறியிருக்கிறது. வழியில் இருந்த ஒரு கடைக்காரர் வழக்கம்போல டயரைக் கழற்றியிருக்கிறார். பால் கொட்டியிருக்கிறது, உள்ளே டியூப் இல்லை. ரிம்மில் விரித்திருந்த ரப்பரைக் கிழித்துப் போட்டுவிட்டு, புது டியூப் மாட்டி அனுப்பியிருக்கிறார். வாத்தியார் ஒரு விரல் நீள முள்ளை அப்பாவின் மேசையில் போட்டார். கடையைப் பார்த்துப் பேசி முடிக்க வந்திருந்த சுப்பையா அண்ணாச்சி எழுந்து நின்றார். டீக்கடைக் கூட்டம் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. எல்லோர் காதிலும் விழும்படி வாத்தியார் கத்தினார்: "அண்ணாச்சி, ஒம்ம மக டியூப உருவிட்டுப் பால ஊத்தி அனுப்பிருக்கா!"

அதே முள்

வெட்கம்தான் முதலில் வந்தது. அதன் பின்னாலேயே வந்த கோபம் இன்னும் போகவில்லை. எனக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது, கண்ணீர்தான் வரும். அழுதால் கடை போய்விடும் என்று தெரிந்தது. மேசையில் கிடந்த முள்ளை எடுத்தேன். நான் மாற்றியபடியே இருந்த முன் சக்கரத்தில் அதைச் சுத்தியலால் அடித்து இறக்கி, உருவினேன். 'உஸ்' என்று காற்றும் பாலும் சீறின. ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைச் சுற்றிப் பிடித்தேன். சீறல் முனகலாகி நின்றது. வாத்தியாரின் கையைப் பிடிக்க முடியாது, அதனால் சக்கரத்தை அவர் கைக்குக் கீழே தள்ளி, "அமுக்கிப் பாருங்க" என்றேன்.

அமுக்கினார். கல்லாக இருந்தது. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். வாத்தியார் நிமிர்ந்து, என்னைத் தாண்டி, அப்பாவைப் பார்த்துக் குறைப்பட்டுக்கொண்டார்: "உள்ள டியூப் கிடையாதுன்னு நீங்க மொதல்லயே சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி?"

கடைக்காரி

"நான் சொன்னேன் சார். நீங்க அங்கன பாத்துக்கிட்டு நின்னிய" என்றேன். அவ்வளவு சத்தமாக நான் பேசி அந்தத் தெரு கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அப்பா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வாத்தியார் பின் சக்கரத்தையும் திரும்ப மாற்றச் சொல்லிவிட்டுப் போனார், அதையும் அப்பாவிடம்தான் சொன்னார்.

கூட்டம் கலைந்ததும் சுப்பையா அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "அப்ப, கடைய எப்ப ஒழிச்சுத் தாரிய?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா முறிந்த கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, "கடைக்காரி உள்ள இருக்கா. அவகிட்டக் கேளும்வே" என்றார். நான் டயரிலிருந்து கையை எடுக்காமல், "இல்ல அண்ணாச்சி, கடைய நானே பாத்துக்கிடுதேன்" என்றேன். எங்களுக்கு நடுவே நாலடி தூரம்கூட இருக்காது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு அப்பா பக்கம் குனிந்து கேட்டார்: "பிள்ள என்ன சொல்லுது?"

டியூப் இல்லாமலும் சக்கரம் ஓடும் என்பதை வண்ணார்பேட்டை ஒருவழியாக ஒப்புக்கொண்டுவிட்டது, நான் பேசுவதும் பேச்சுதான் என்பதை ஒப்புக்கொள்ள இன்னும் எத்தனை முள்ளை அடித்து இறக்க வேண்டுமோ தெரியவில்லை.